செக் நாடாளுமன்ற மின்நூலகம்: காலி நாற்காலிகளையும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு

செக் மக்களவை தன் இணையதளத்திலேயே வைத்திருக்கும் இந்த நூலகம் முழுக்க இலவசம். பதிவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், வாசகர் அட்டையும் கேட்பதில்லை. 1861-இல் பிராகில் கூடிய பொஹீமிய மாகாண சட்டமன்றம் (பொஹீமியா இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி, அன்று வியன்னாவிலிருந்து ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் மாகாணம்) முதல் இன்றைய மக்களவை வரை, சுருக்கெழுத்தாளர்கள் பதிந்த அவைக்குறிப்புகள் இதில் கிடக்கின்றன. செக், ஸ்லோவாக் நாடாளுமன்றங்களின் கூட்டுக் களஞ்சியம் இது. ஒரே ஒரு வேலைக்கு இது எவ்வளவு உதவும் என்றுதான் இங்கே பார்க்கிறோம்: செக் மக்களிடையே தாராளவாதக் கட்சிகள் எப்படி முளைத்தன, உடைந்தன, கரைந்தன என்று மூல ஆவணத்தை வைத்தே பின்தொடரும் வேலை. அதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் நேராக உள்ளே நுழைந்து தேடல் பெட்டியில் தட்டச்சு செய்பவர்கள் தவறான அறையில் போய் உட்காருவார்கள்.

தளத்தின் தோற்றம் பழையது. வெறும் எழுத்தும் இணைப்பும்தான். குறையாகத் தோன்றினாலும் மெதுவான இணைப்பிலும் பக்கங்கள் சட்டென்று திறப்பது இதனால்தான். அடுக்கு எளிது. முதலில் எந்த அவை, எந்தப் பதவிக்காலம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; அதற்குள் அமர்வுகள் தேதியோடு வரும்; அமர்வுக்குள் உரை துண்டு துண்டான பக்கங்களாக விரியும். அவையில் வைக்கப்பட்ட மசோதாக்களும் அறிக்கைகளும் தனி வரிசையில் எண்ணிட்டு இருக்கின்றன. தேதி தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தை எட்டிவிடலாம். தேதி தெரியாமல் சொல்லை மட்டும் நம்பினால்தான் தொல்லை.

முதல் தொல்லை 'லிபரல்' என்ற சொல்லே. 1860-களிலும் 70-களிலும் பொஹீமிய அவையில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஜெர்மன் தரப்பைக் குறித்தது. வியன்னா மையத்தை ஆதரித்த அரசியல் சாசனக் கட்சியினர் அவர்கள், செக் தலைவர்களின் நேர் எதிரிகள். செக் தாராளவாதிகள் தங்கள் கட்சிக்கு வைத்த பெயர் 'நாரொட்னீ ஸ்ட்ரனா ஸ்வொபொடொமிஸ்ல்னா'. சுதந்திர மனம் கொண்ட தேசியக் கட்சி என்று பொருள் சொல்லலாம். ஊரார் வாயில் அது 'இளஞ்செக்கர்' கட்சி. ஆக, லிபரல் என்று தேடினால் செக்கர்களை அல்ல, செக்கர்களோடு சண்டை போட்டவர்களையே முதலில் சந்திப்பீர்கள்.

இரண்டாவது, வேற்றுமை. தமிழில் 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' கிடைக்காதே, அதே கதைதான். பழஞ்செக்கர் என்பது இளஞ்செக்கர் பிரிந்து வந்த மூத்த அணி. அதன் தலைவர் ரீகரின் பெயர் வேற்றுமை ஏற்றதும் ரீக்ரா, ரீக்ரோவி, ரீக்ரெம் என்று உள்ளே ஓர் எழுத்தை விழுங்கிவிடும். 'ரீகர்' என்று மட்டும் தேடினால் அவர் பேசிய இடங்கள் அகப்படும். மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசிய இடங்களில் பல நழுவிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் நான்கைந்து வடிவங்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். பொஹீமிய அவையில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே பதிந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே விவாதத்தைப் பின்தொடரவும் செக், ஜெர்மன் இரண்டிலும் தேட வேண்டும். ஜெர்மன் பகுதிகளில் எழுத்துணரி (பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) செய்த பிழைகள் கூடுதலாகத் தென்படுகின்றன. பெயர் கிடைக்கவில்லை என்பதால் அவர் பேசவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாவது, பேச்சாளரின் பெயர் இருக்கும். பக்கத்தில் கட்சி இருக்காது. க்ரேகர் சகோதரர்கள் யூலியுஸ், எட்வர்ட் இருவரும் இளஞ்செக்கர் என்பதை நீங்கள் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கட்சிவாரிப் பட்டியல் ஒன்றைக் கையால் தயாரித்துக்கொள்ளாமல் 1874-க்குப் பிந்தைய தொகுதிகளுக்குள் இறங்குவது வீண்.

இந்த நூலகத்தின் மிகச் சுவையான பகுதி எதுவென்று கேட்டால், செக் தாராளவாதிகள் அறவே இல்லாத பக்கங்களைத்தான் காட்டுவோம். 1863 ஜூனில் செக் உறுப்பினர்கள் வியன்னா நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். 1868 ஆகஸ்ட் 22 தேதியிட்ட பிரகடனத்தில் 81 செக் உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். பொஹீமிய அரசின் பழைய உரிமையை ஏற்காத அமைப்பில் பங்கேற்க மாட்டோம் என்பது அதன் சாரம். அதோடு பிராக் அவையையும் புறக்கணித்தார்கள். அவர்கள் இடங்கள் காலியானதாக அறிவிக்கப்பட்டன; இடைத்தேர்தலில் அவர்களே மீண்டும் ஜெயித்து வந்து மீண்டும் உட்காராமல் இருந்தார்கள்.

இந்தக் கட்டத்தை வாசிக்க ஒரு சின்னக் கணக்கு உதவும். பிராக் அவையின் மொத்த உறுப்பினர்கள் 241. பெருநிலக்கிழார் பிரிவில் 70, நகரங்களுக்கு 72, வர்த்தக சபைகளுக்கு 15, கிராமப்புறத்துக்கு 79, பதவி வழியாக 5. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வருகை போதும், அதாவது 121. 81 பேர் எழுந்து போனாலும் 160 பேர் மிச்சம். அவை தடையின்றி ஓடும். ஆனால் மாகாண அமைப்புச் சட்டத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்கு வருகை வேண்டும், குறைந்தது 181. அதற்கு 160 எட்டாது. புறக்கணிப்பு எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்பது இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும். ஆகவே 1868 முதல் 1878 வரையிலான தொகுதிகளைத் திறந்தால் முதலில் உரைகளுக்குப் போகாதீர்கள். வருகை எண்ணிக்கையும் வாக்கெடுப்பு எண்ணிக்கையும் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடையில் 1871 மட்டும் தலைகீழ். செக்கர்களோடு சமரசம் தேடிய ஹோஹென்வார்ட் அமைச்சரவை வியன்னாவில் இருந்த காலம். செக்கர்கள் திரும்பி வந்தார்கள், ஜெர்மன் லிபரல்கள் வெளியேறினார்கள். அக்டோபரில், பொஹீமியாவுக்குத் தன்னாட்சி கோரிய அடிப்படை ஷரத்துகள் நிறைவேறிய அமர்வுகளில் எதிர்க்குரலே கேட்காது. அது ஒற்றுமை அல்ல, எதிர்வரிசை காலி. மறு ஆண்டு, 1872-இல், பெருநிலக்கிழார் பிரிவில் வாக்குரிமை தரும் பண்ணைகளையே இரு தரப்பும் போட்டி போட்டு வாங்கின; பெரும்பான்மை ஜெர்மன் லிபரல் தரப்பின் பக்கம் மாறியது. 'ஹப்ரூஸ் தேர்தல்' என்று அதற்குப் பெயர். இந்த வியாபாரம் அவைக்குறிப்பில் எப்படிப் பதிவாகும்? புதிய உறுப்பினர் பட்டியலில் மட்டும்தான் அதன் விளைவு தெரியும். இங்குதான் நூலகத்தின் எல்லை வருகிறது.

1874-இல் ஏழு இளஞ்செக்கர் புறக்கணிப்பை உடைத்து அவைக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தனிக் கட்சி பிறந்தது. முன்னணியில் கரெல் ஸ்லட்கோவ்ஸ்கியும் க்ரேகர் சகோதரர்களும். உள்ளே ஏழு பேர், வெளியே பழைய தலைமை. யார் சரி என்ற சண்டை நடந்தது அவையில் அல்ல, செய்தித்தாளில். 'நாரொட்னீ லிஸ்டி' 1861 ஜனவரி 1 முதல் வெளிவந்தது, ஆசிரியர் யூலியுஸ் க்ரேகர். 1863-இல் போலந்து எழுச்சியை ஆதரிப்பதா என்பதிலேயே பலாட்ஸ்கி, ரீகர் தலைமையிலான பழஞ்செக்கர் அணிக்கும் இளைய அணிக்கும் விரிசல் விழுந்துவிட்டது. கட்சி பிரிய இன்னும் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பதினோரு ஆண்டுக் கதை இந்த நூலகத்தில் இல்லை. செக் தேசிய நூலகத்தின் 'க்ரமேரியுஸ்' மின்நூலகத்துக்குப் போக வேண்டும். பழைய ஆண்டுகளின் இதழ்கள் யாருக்கும் திறக்கும். பிந்தைய ஆண்டுகளுக்கு வாசகர் பதிவு கேட்கும். இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து, அவை அமர்வின் தேதிக்கு மறுநாள் இதழைப் பார்ப்பதுதான் வேலை செய்யும் முறை.

இன்னொரு பெரிய ஓட்டை வியன்னா. 1879-இல் செக்கர்கள் பேரரசு நாடாளுமன்றத்துக்குத் திரும்பினார்கள். வியன்னாவின் டாஃபே அரசுக்கு ஆதரவு தந்து, அரசு அலுவலகங்களில் செக் மொழிக்கு இடம் தந்த 1880 மொழி ஆணை, 1882-இல் பிராக் பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என இரண்டாகப் பிரிந்தது என்று சில பலன்களும் பெற்றார்கள். இந்தப் பேரங்கள் நடந்த அவையின் குறிப்புகளை ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் 'அலெக்ஸ்' தளத்தில்தான் பார்க்க முடியும். அங்கே பக்கப் படங்கள். சொல் தேடலை நம்பாமல் பெயர் அட்டவணைத் தொகுதியில் உறுப்பினரைப் பிடித்து அங்கிருந்து பக்க எண்ணுக்குப் போவதே நிச்சயமான வழி. ஜெர்மன் அல்லாத பேச்சுகளை அங்கே பெரும்பாலும் முழுதாகப் பதியவில்லை. மசாரிக், கைஸ்ல், க்ரமார்ஷ் ஆகியோரை அங்கே ஜெர்மன் மொழியில் படிக்க நேர்வது அதனால்தான். மூவரும் 'யதார்த்தவாதிகள்' என்ற சிறு குழுவிலிருந்து வந்து 1891 தேர்தலில் இளஞ்செக்கர் சார்பில் நின்றவர்கள். பழஞ்செக்கர் கட்சியைத் துடைத்தெறிந்த தேர்தல் அது. 1893-இல் மசாரிக் பதவியைத் துறந்தார். 1897-இல் பிரதமர் படேனியின் மொழி ஆணைகள், ஜெர்மன் தரப்பின் முட்டுக்கட்டை. 1898-இல் கைஸ்ல் நிதி அமைச்சர். இந்தப் பத்தாண்டுக்குப் பிராக் நூலகம் மட்டும் போதாது.

ஆனால் பிராக் அவையின் சொந்த ரகளைகளுக்கு இதை விட்டால் ஆளில்லை. 1893 மே 17 அமர்வு ஒன்று போதும். ஜெர்மானியர் பெரும்பான்மையாக வாழ்ந்த ட்ருட்னொவில் வட்டார நீதிமன்றம் அமைக்கும் விவகாரத்தில் இளஞ்செக்கர் கூச்சலிட்டு, பொருட்களை வீசி, அவையையே முடக்கிய நாள். ஒரு வாக்கியம் முடியாமல் அடுத்தவர் குரல் குறுக்கிடும் இடங்களை நிதானமாகப் படியுங்கள். 1908-க்குப் பிறகு ஜெர்மன் தரப்பின் முட்டுக்கட்டை அவையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 1913 ஜூலையில் பேரரசர் பிறப்பித்த புனித அன்னா ஆணைகளால் அவை கலைக்கப்பட்டது. வரிசை அங்கேயே நிற்கிறது. கோப்பு விடுபட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தேட வேண்டாம்.

போர்களுக்கு இடைப்பட்ட காலமே நூலகத்தின் மிகச் சுத்தமான பகுதி. 1918 நவம்பர் 14 அமர்விலிருந்து தொடங்கலாம். ஹப்ஸ்பர்க் வம்சம் அரியணையை இழந்தது என்று க்ரமார்ஷ் அறிவித்த நாள் அது, அன்றே புதிய செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் பிரதமரும் ஆனார். இளஞ்செக்கரின் வாரிசு இப்போது தேசிய ஜனநாயகக் கட்சி. பழைய பேரரசு நாணயத்திலிருந்து புதிய நாட்டின் நாணயத்தைப் பிரித்த நிதி அமைச்சர் ரஷீனின் நடவடிக்கையைப் படிக்க விரும்பினால் பேச்சில் தொடங்காமல் சட்ட எண்ணில் தொடங்குங்கள்: 1919 பிப்ரவரி 25, எண் 84. கட்சியின் தேய்மானத்தை இடங்களின் எண்ணிக்கையே சொல்லும்: 1920-இல் 19, 1925-இல் 13, 1929-இல் 15. 1934-இல் வலதுசாரித் தேசியக் குழுக்களோடு சேர்ந்து 'தேசிய ஒன்றிணைப்பு' ஆகி, 1935-இல் 17. அந்தக் கடைசி எண்ணைத் தாராளவாதத்தின் மீட்சி என்று எழுதுபவர்கள் 1934-க்குப் பிந்தைய உரைகளைப் படிக்கவில்லை என்று பொருள். எதிர்த்திசையில், 'லிடோவே நோவினி' நாளிதழ் வட்டாரத்தினர் 1925-இல் தொடங்கிய தேசிய உழைப்புக் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எனவே அவைக்குறிப்பில் அது கிட்டத்தட்ட கிடையாது. தோற்ற கட்சிக்கு இந்த நூலகத்தில் இடமில்லை.

இந்தக் காலத்தில் இரண்டு எச்சரிக்கைகள். செக் அல்லாத மொழிகளில் பேசியவர்களின் உரைகள் பல, செக் மொழிபெயர்ப்பில் தனி இணைப்பாகப் பின்னால் வைக்கப்பட்டிருக்கின்றன. அன்றைய அமர்வுப் பக்கத்தை மட்டும் படித்தால் பதில் சொன்னவர் தெரிவார், கேட்டவர் தெரிய மாட்டார். அடுத்து, 'இந்தக் கூற்று நீக்கப்பட்டது' என்ற பொருளில் நடைமுறை விதியைக் காட்டும் அடைப்புக்குறி வரும் இடங்கள். அது பக்கம் கிழிந்ததோ எழுத்துணரியின் பிழையோ அல்ல. அவைத் தலைமையே வெட்டியது.

1945-க்குப் பிறகு தேசிய ஜனநாயகக் கட்சிக்கு அனுமதி இல்லை. 1948 முதல் 1989 வரையிலான தொகுதிகளில் இந்தத் தலைப்புக்கு வேலை குறைவு.

1989-க்குப் பிந்தைய காலத்துக்குச் செக் புள்ளியியல் அலுவலகத்தின் தேர்தல் தளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992-இல் ஒரே தேர்தலில் மூன்று வாக்குச்சீட்டுகள்: செக் தேசிய அவைக்கு ஒன்று, செக்கோஸ்லோவாக்கியக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கு இரண்டு. எந்த அட்டவணை என்று பார்க்காமல் எண்ணை எடுத்தால் கதை மாறிவிடும். குடிமக்கள் ஜனநாயகக் கூட்டணி செக் தேசிய அவைக்கு 5.93 சதவீதத்தோடு 14 இடங்களைப் பிடித்தது. கூட்டாட்சி மக்கள் அவையில் 4.98, ஐந்து சதவீத வாசலில் நின்றுவிட்டது. வெளியுறவு அமைச்சராக இருந்த டீன்ஸ்ட்பியரின் குடிமக்கள் இயக்கம் செக் அவைக்கே 4.59 பெற்று வெளியே போனது. அதே தேர்தலில் உள்ளே வந்த 'லிபரல் சமூக ஒன்றியம்' பெயரளவில்தான் லிபரல். விவசாயிகள், பசுமைக் கட்சி, சோஷலிஸ்டுகள் சேர்ந்த கதம்பம். 1998-இல் சுதந்திர ஒன்றியம் 8.6 சதவீதம், 19 இடங்கள், 2006-இல் 0.3. யார் எதற்கு எப்படி வாக்களித்தார் என்பது இந்தக் காலத்தில் பெயர் வாரியாகவே கிடைப்பதால், பழைய தொகுதிகளில் பட்ட பாடு இங்கே இல்லை.

பக்கங்களைச் சேமிக்கும்போது ஒன்று. பழைய கோப்புகள் மத்திய ஐரோப்பிய விண்டோஸ் 1250 குறிமுறையில் இருக்கின்றன. வேறு குறிமுறையில் திறந்தால் க்ரமார்ஷின் கடைசி எழுத்து குறுக்குக் கோடு போட்ட ஓ-வாக மாறிவிடும், பிறகு எத்தனை முறை தேடினாலும் அவர் அகப்பட மாட்டார். சேமித்த உடனேயே யூனிகோடுக்கு மாற்றி, கோப்பின் பெயரில் அவை, பதவிக்காலம், அமர்வு எண், தேதி நான்கையும் எழுதி வையுங்கள்.