மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா, குரோ பேக்கா? மேற்கு வெயிலில் பூச்செடி வளர்ப்போருக்கு

மதுரையில் மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது பூச்செடிகளையெல்லாம் புதிதாக நட வேண்டியிருந்தது. பால்கனி மேற்குப் பார்த்தது. பகல் ஒரு மணியிலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேராக விழும். தொட்டி வாங்கப் போனால் முன்னால் நின்றவை மூன்று: மண் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி, குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பை. மூன்றும் இன்று என் வீட்டில் இருக்கின்றன. மல்லியும் ரோஜாவும் மட்டும் மண் தொட்டியில். இனிமேல் வாங்கினாலும் பால்கனித் தரைக்கு மண் தொட்டிதான் வாங்குவேன்.

பிளாஸ்டிக் மலிவு, குரோ பேக் லேசு, கை தவறினால் மண் தொட்டி உடையும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்தவரை தொட்டிச் செடியின் ஆயுளை முடிவு செய்வது இவை எதுவும் இல்லை. வேர் எந்தச் சூட்டில், எவ்வளவு ஈரத்தில் நிற்கிறது என்பதுதான்.

தரையில் நட்ட செடிக்கு வெயில் மேலிருந்து மட்டும் வரும். தொட்டிச் செடிக்குப் பக்கவாட்டிலும் அடிக்கும். சித்திரை மாதத்தில் மாலை நான்கு மணிக்கு ஒரு கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை தானாக விலகும். அந்தச் சுவரை ஒட்டித்தான் இளவேர்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மண் தொட்டியில் ஈரம் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கோடையில் பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். வெளிப்புறம் ஆயில் பெயின்ட் அடித்த மண் தொட்டியில் இந்தப் பலன் கிடைக்காது. நுண்துளைகள் அடைபட்டுவிட்டால் அது எடை கூடிய பிளாஸ்டிக்தான். அழகுக்கு ஏதாவது பூச வேண்டும் என்றால் காவியைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் போதும்.

மண் தொட்டிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அதனால் வேலை அதிகம் என்பார்கள். உண்மைதான். கத்திரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்றுகிறேன். பிளாஸ்டிக்குக்கு ஒரு வேளை போதும். ஆனாலும் நான் மண் பக்கம் சாய்வதற்குக் காரணமே இந்தத் தண்ணீர்தான். வீட்டுத் தொட்டிகளில் காய்ந்து சாகும் செடியைவிட அழுகிச் சாகும் செடிதான் அதிகம் என்று நினைக்கிறேன். வேர் அழுகினாலும் இலை வாடும், தண்ணீர் போதாவிட்டாலும் இலை வாடும். வாடியதைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் கை முதலில் குவளைக்குத்தான் போகும். அழுகிய வேர் மேல் இன்னும் தண்ணீர் விழும். பிளாஸ்டிக் தொட்டியில் மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மண் தொட்டி தன் நிலைமையைத் தானே சொல்லிவிடும். ஈரமாக இருந்தால் சுவர் கருஞ்சிவப்பு, காய்ந்தால் வெளிறிப்போகும். விரலை மடக்கித் தட்டினால் காய்ந்த தொட்டி கணீரென்கும், ஈரத் தொட்டி மந்தமாக ஒலிக்கும். நான் காலையில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போய் ஒலி தெளிவாக வரும் தொட்டிகளுக்கு மட்டும் ஊற்றுகிறேன். நீர் மிஞ்சிவிட்டாலும் மண் தொட்டி சுவர் வழியாகக் கொஞ்சத்தை வெளியேற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இது பெரிதாக உதவாது. அப்போது அடித்துளை ஒன்றுதான் கதி. துளை மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் இறங்காது, நீர் வடியும். அடியில் ஜல்லியை அடுக்கினால் வடிகால் கூடும் என்று பலர் செய்கிறார்கள். அதில் பலன் இல்லை. நீர் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் தேங்கி நிற்கும், வேருக்கான ஆழமும் குறையும்.

அடுத்தது போர் தண்ணீர். எங்கள் பகுதியில் அது உப்புத் தண்ணீர். பூவுக்கென்று தனித் தண்ணீருக்கு எங்கே போவது? மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது இந்த உப்புதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் மண் தொட்டியையே ஒதுக்குகிறார்கள். நார் பிரஷால் தேய்த்தால் போய்விடும். பிளாஸ்டிக்கில் உப்பு வெளியே தெரியாமல் மண்ணுக்குள்ளேயே தங்கி, இலை நுனி கருகுவதில் வந்து காட்டும். எந்தத் தொட்டியானாலும் அவ்வப்போது அடித்துளை வழியாகத் தாராளமாக வழியும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மழை நாளில் தொட்டியைத் திறந்த இடத்துக்கு நகர்த்தினால் அந்த வேலையை மழையே செய்துவிடும். உப்புத் தண்ணீரில் மல்லியின் இளம் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறினால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளித்தால் தேறும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மண் தொட்டி கிடைப்பது கடினமில்லை. மானாமதுரை பக்கத்தில்தான் இருக்கிறது. வைகைக் கரையில் கடம் செய்யும் அந்த ஊரின் மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-இலேயே கிடைத்துவிட்டது. மல்லி நாற்று ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. மல்லிக்கு வாய் 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும், 15 என்றால் நல்லது. கழுத்து குறுகிய வடிவத்தை வாங்காதீர்கள். பின்னால் தொட்டி மாற்றும்போது வேர்க்கட்டி வெளியே வராது, தொட்டியை உடைக்க வேண்டிவரும். புதுத் தொட்டியை நடுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சில நாள் ஊற்றும் ஈரத்தையெல்லாம் தொட்டியே குடித்துவிடும். கார்த்திகை வாக்கில் மல்லியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்துவிட்டால் பங்குனியில் மொட்டு கட்டத் தொடங்கும்.

இவ்வளவு சொன்னாலும் ஜன்னலுக்கு நான் மண் தொட்டி வைப்பதில்லை. காரணம் எடை. 60 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம் உள்ள பெட்டியில் சுமார் 17 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் அதிகமுள்ள கலவை நனைந்தால் 25 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் சுட்ட மண்ணின் எடையும் சேர்ந்தால் கிரில்லுக்குப் பாரம். கீழே தெருவில் ஆள் நடக்கிறார்கள். இங்கே பிளாஸ்டிக் பெட்டிதான் சரி, அதுவும் வெள்ளை நிறத்தில். கலவையில் பாதி தென்னை நார்க்கழிவு இருந்தால் எடை நன்றாகக் குறையும். நார்க்கழிவிலும் உப்பு உண்டு; பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். அதில் சத்து அதிகம் கிடையாது என்பதால் மீதிப் பாதியில் மண்புழு உரம் கணிசமாக இருக்கட்டும். டேபிள் ரோஸும் நித்தியகல்யாணியும் இந்த ஆழத்தில், இந்த வெயிலில் தயங்காமல் பூக்கின்றன. மல்லியை இந்தப் பெட்டியில் திணிக்காதீர்கள். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்ட வேண்டும். டெங்குக் கொசு முட்டையிட அவ்வளவு நீர் போதும்.

குரோ பேக்கைப் பற்றி அழுத்தமாகப் பேச எனக்கு அனுபவம் குறைவு. மாடித் தோட்டத்தில் காய்கறிக்கு அது நன்றாகவே உழைக்கிறது. ஒரு பருவம் முடிந்ததும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பலாம். பல வருஷம் ஒரே இடத்தில் நிற்கும் ரோஜாவுக்கு அது தாங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். என்னிடம் இருந்த மெல்லிய பை வெயிலில் நொறுங்கி, தூக்கும்போது கைப்பிடியோடு கிழிந்தது. தடித்த ரகம் இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது. அதில் இருப்பது செம்பருத்தி.

அடிக்கடி வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கு மட்டும் நான் மண் தொட்டியைச் சொல்ல மாட்டேன். கோடையில் மூன்று நாள் ஆளில்லாவிட்டால் மண் தொட்டிச் செடி கருகிவிடும். அப்படிப்பட்டவர்கள் வெளிர் நிறப் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கி, கிழக்குப் பக்கத்தில் காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, அரைநிழலைத் தாங்கும் கனகாம்பரத்தை நடட்டும். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகைப் பரப்பிவிட்டுக் கிளம்பினால் ஈரம் இன்னும் சில நாள் கூடுதலாக நிற்கும்.