அப்பாவின் 12 போர் துப்பாக்கி: ஒன்பது வருட அனுபவம்

தர்மபுரியிலிருந்து மச்சான் போன் செய்து, "பழைய ஆட்டோ துப்பாக்கி (அரைத் தானியங்கி) ஒன்று விலைக்கு வருது, வாங்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் என் துப்பாக்கியின் விரிசல் விட்ட முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) ஆசாரியிடம் ஒட்டி வாங்கி வந்திருந்தேன். கோபம் ஆறவில்லை, படபடவென்று ஏதோ சொல்லிவிட்டேன். நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது அப்பா வைத்திருந்த அரைத் தானியங்கி. ஜான் பிரவுனிங் 1898-ல் வடிவமைத்த முறை. சுட்டதும் குழலும், அதன் பின்வாயை அடைக்கும் போல்ட்டும் ஒன்றாகப் பூட்டியபடியே பின்னால் வரும். குழல் முன்னே திரும்பும்போது வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும், பிறகு அடுத்த தோட்டா ஏறும். அப்பா ஒரு காலத்தில் ராயக்கோட்டைப் பக்கக் கொல்லைகளில் கௌதாரியும் காடையும் சுட்டவர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அறவே விட்டுவிட்டார். அவருக்கு எழுபது வயது தாண்டியதும் லைசென்ஸை என் பெயருக்கு மாற்றினோம். நான் குறிபார்த்து உடைக்க வானில் வீசும் களிமண் தட்டுக்கு மட்டும்தான் எடுக்கிறேன்.

பிடித்தது என்ன என்றால், அதன் முதுகு. பின்கட்டையில் கன்னத்தை வைத்தால், பின்பக்கம் சதுரமாக எழும்பி நிற்கும் அந்த மேல்விளிம்பின் வழியே பார்வை தானாகக் குழலோடு ஓடும். 110 மில்லிமீட்டர் தட்டு பறக்கும்போது தேட வேண்டியதே இல்லை. உதையும் தோளைக் குத்தாது, தள்ளும்.

ஆனால் அந்த உதை இதமாக இருப்பது இரண்டு வளையங்களின் கையில் இருக்கிறது. முன்கட்டைக்குள் தோட்டா நிற்கும் குழாயைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், குழாயைக் கவ்விக் குழலின் வேகத்தை அடக்கும் வெட்டுவிட்ட ஒரு வெண்கல வளையம், ஒரு பக்கம் சரிவாகக் கடைந்த ஒரு எஃகு வளையம். கனத்த தோட்டாவுக்கு எஃகு வளையம் ஸ்பிரிங்கின் முன்னால், சரிவு வெண்கலத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். லேசான தோட்டாவுக்கு அதையே எடுத்து ஸ்பிரிங்குக்குப் பின்னால் போட வேண்டும். குழாயில் எண்ணெய் துணியால் தொட்டு வைத்த அளவுக்குத்தான். அதிகமானால் வெண்கலம் வழுக்கும், குழல் முழு வேகத்தில் வந்து இடிக்கும்.

2024 தேர்தலுக்காகத் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்து, திரும்பி வந்ததும் சுத்தம் செய்யக் கொடுத்தேன். கொடுத்த இடத்தில் எஃகு வளையத்தைப் பின்னால் போட்டு, குழாய் நெடுக கிரீஸையும் அப்பிவிட்டார்கள். திறந்து பார்க்காமல் விட்டது என் தவறும்தான். கனத்த தோட்டாவில் இருபதாவது சுடும்போதே உதை மாறியது தோளில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கழற்றினால் முன்கட்டையில் மூன்று அங்குல விரிசல், நகம் உள்ளே இறங்கியது. அப்பா அத்தனை வருடம் கைபடாமல் வைத்திருந்த மரம். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆசாரி ஒட்டிக் கொடுத்தது நன்றாகவே நிற்கிறது. கிரீஸைத் துடைத்து, வளையத்தை நானே இடம் மாற்றினேன். போன வாரம் இருபத்தைந்து தட்டில் பத்தொன்பது உடைத்தேன். இதைப்போலக் கைக்கு அமைகிற துப்பாக்கி வேறொன்றை நான் பிடித்ததில்லை.

அப்படியும், மச்சான், வாங்க வேண்டாம். நம் பக்கத்தில் இந்த வளையம் தெரிந்து கைவைக்கிற ஆள் எனக்கு இதுவரை அகப்படவில்லை. இரட்டைக்குழலே போதும். இல்லை, மனசு கேட்கவில்லை என்றால், காசு கொடுப்பதற்கு முன் முன்பக்க மூடியைக் கழற்றச் சொல்லி, கட்டையின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் இரண்டும் இருக்கிறதா என்று கையில் எடுத்தே பாருங்கள்.