பி.எம். ஸ்வநிதி கடன்: ராத்திரி இட்லிக் கடைக்குப் பத்துமா?

மதுரை கீழவாசல் பக்கம் ராத்திரி இட்லிக் கடை போடும் எங்க அத்தைக்காக, மனு எழுதியதில் இருந்து கடைசித் தவணை வரைக்கும் கூடவே அலைந்தவன் நான். மூன்றரை நட்சத்திரம் தருகிறேன்.

கொரோனாவில் கைமுதலைத் தின்று தீர்த்த தெருவோர வியாபாரிகளுக்காக ஒன்றிய அரசு 2020 ஜூன் 1-ல் கொண்டுவந்த திட்டம் இது. அடமானம் கிடையாது. முதல் கடன் அப்போது 10,000 ரூபாய், ஒரு வருஷத்தில் மாதத் தவணையாகக் கட்டவேண்டும், நாள் தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்கு வந்துவிடும்.

சரி, அந்தப் பத்தாயிரம் எதற்குக் காணும்? 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு, கொஞ்சம் தளர்த்தி மூச்சு விடுவதற்குள் ஜூன் 24-ல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு, அது ஜூலை பாதி வரை இழுத்தது. அப்புறம் பகலில் கடை திறக்கலாம் என்றாலும், ராத்திரி வியாபாரத்தையே நம்பி இருக்கிறவர்களுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? சித்திரைத் திருவிழாக் கூட்டமும் போச்சு, 2020, 2021 இரண்டு வருஷமும் அழகர் வைகையில் இறங்கவில்லை. 2020 ஏப்ரல்-ஜூனில் நாட்டின் மொத்த உற்பத்தி (ஜிடிபி) 23.9 சதவீதம் சரிந்ததாக டிவியில் சொன்னார்கள், அத்தை வீட்டில் நூற்றுக்கு நூறு சரிவு. தோடு அடகுக்கடைக்குப் போனது, அப்புறம் தினவசூல் கடன்: பேச்சு 10,000, கையில் 9,000, தினம் 100 ரூபாயாக 100 நாள். ஸ்வநிதிப் பணம் வந்ததும் பாதிக்கு மேல் அங்கேதான் போனது. அரிசி, உளுந்து வாங்கிக் கடையைத் திரும்பப் போட என்று கணக்குப் போட்டுத் தந்த பணம் இது. கடை மூடிக் கிடந்த மாதங்களிலும் வீட்டில் உலை வைத்தாகணுமே, அதற்கு வாங்கிய கடனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. என் பெரிய குறை இதுதான்.

அடுத்த குறை வங்கி. கிளையின் பெயர் வேண்டாம். "சர்வர் இல்லம்மா, திங்கக்கிழமை வாங்க" என்பதுதான் அங்கே வணக்கமே.

க்யூஆர் அட்டையில் பணம் வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை கேஷ்பேக் உண்டு, ஆனால் 25 ரூபாய்க்குக் குறைந்தது கணக்கில் சேராது. நாலு இட்லி தின்றுவிட்டு 20 ரூபாய் ஜிபே பண்ணுகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம்!

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவணை ஒரு நாள் தள்ளினால் வண்டி முன்னால் வந்து நின்று, சாப்பிடுகிறவர்கள் காதுபடக் கத்துகிற ஆள் இதில் இல்லை. அத்தைக்கு வட்டி மானியத்தைவிட அதுதான் பெரிசு. முதல் கடனை முடித்ததும் 20,000 சீக்கிரமே கிடைத்தது, பழைய கிரைண்டர் ஒன்று வாங்கினோம்.

2025-ல் தொகையைக் கூட்டிவிட்டார்கள்: முதல் கடன் 15,000, அடுத்தது 25,000, மூன்றாவது 50,000. போகிறவர்கள் ஆதாரில் செல்போன் எண்ணைச் சேர்த்துவிட்டுப் போங்கள். வியாபாரி அடையாள அட்டை இல்லையென்றால் மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கிய பிறகு வங்கிக்குப் போனால் போதும், அதற்கு முன்னால் போய் ஒரு வேலையும் நடக்காது.