லிங்கர்ஜாத்தி வீடு: ஒரு வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்பீடு

மேற்கு ஜாவாவின் சிரெபோன் நகரிலிருந்து லிங்கர்ஜாத்திக்கு அழைத்துச் செல்லும் அரைநாள் வழிகாட்டிச் சேவை ஒன்றில் குடும்பத்தோடு சென்று வந்தோம். சிரெமாய் மலையடிவாரத்தில் உள்ள அந்த வீட்டில்தான் 1946 நவம்பரில் இந்தோனேசியக் குடியரசின் பிரதமர் சுதன் சியாரிரும், அந்நாட்டை முன்பு ஆண்ட டச்சுத் தரப்பின் தூதுக்குழுத் தலைவர் ஷெர்மெர்ஹார்னும், பிரிட்டனின் லார்ட் கில்லர்ன் மத்தியஸ்தம் செய்ய, இந்தோனேசியாவின் விடுதலை குறித்துப் பேச்சு நடத்தினார்கள்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. வழிகாட்டி விஷயம் தெரிந்தவர். கில்லர்னின் அறை வாசலிலிருந்து பேச்சு நடந்த கூடம்வரை எங்களை மெதுவாக நடக்க வைத்து, இரு தரப்புக்கும் நடுவே இருந்தவர் எவ்வளவு அருகில் இருந்தார் என்று காட்டினார். அக்டோபர் 14 அன்றே போர்நிறுத்தம் ஏற்பட்டிருந்ததையும், ஜாவாவில் ஒழுங்கைக் காத்துவந்த பிரிட்டிஷ் படை நவம்பர் இறுதிக்குள் வெளியேறவிருந்ததால் பேச்சு அவசரப்பட்டதையும் தெளிவாகச் சொன்னார். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதும், அதை நேரு வன்மையாக எதிர்த்ததும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

என் குறை ஒன்றுதான், ஆனால் அது சிறியதல்ல. 1947 மார்ச் 25 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானதோடு விளக்கம் நின்றுவிட்டது. ஜாவா, மதுரா, சுமத்ரா ஆகிய தீவுகளில் குடியரசின் நடைமுறை அதிகாரத்தை ஒப்புக்கொண்ட அதே டச்சு அரசு, சில மாதங்களிலேயே குடியரசின் பகுதிக்குள் இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் காவற்படை வேண்டும் என்று வற்புறுத்தியது. மற்றவற்றில் பெரிதும் விட்டுக்கொடுத்த குடியரசு, தன் மண்ணில் டச்சுக் காவலரை மட்டும் ஏற்க மறுத்தது. ஏற்றிருந்தால் கையிலிருந்த அதிகாரம் வெறும் பெயராகியிருக்கும் என்றே நானும் கருதுகிறேன். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு சொல்லியிருந்தும் அந்த வழி கைவிடப்பட்டு, ஜூலை 21 அன்று டச்சுப் படை தாக்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'போலீஸ் நடவடிக்கை'. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனது அதன் பிறகுதான்.

திரும்பும் வழியில் கேட்டபோது வழிகாட்டி இவை அனைத்தையும் அழகாக விளக்கினார். நிறுவனம் வகுத்த நேரத்துக்குள் அடங்காததால் விட்டதாகச் சொன்னார். அந்தக் கூடத்திலேயே இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குமாறு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். 5க்கு 4 தருகிறேன். போகிறவர்கள் கூட்டுக் காவற்படை பற்றித் தாங்களாகவே கேளுங்கள்.