வரைபடத்தில் பத்து நிமிடம்: பத்தாங்காலியில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங்காலியைச் சுற்றி எழும்பிவரும் புதிய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு, கம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், யாரிடமும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதற்கு முன்பாக இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் 3,000 வெள்ளியைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே விசாரிக்கத் தொடங்கினேன். அதில் 1,000 வெள்ளி இன்றுவரை என் கைக்குத் திரும்பவில்லை.

நான் பிறந்தது பத்தாங்காலிக்குப் பக்கத்திலிருந்த தோட்டத்து லயத்தில். அப்பா ரப்பர் இருந்த காலத்தில் பால்மரம் சீவினார். செம்பனை வந்த பிறகு புல்வெட்டு, உரம் போடுதல் என்று ஓய்வு பெறும்வரை அதே தோட்டத்தில் இருந்தார். இப்போது பெற்றோர் பட்டணத்தில் ஒரு மலிவுவிலை வீட்டில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் கோலாலம்பூரின் செந்தூலில் வாடகைக்கு இருக்கிறோம். என் அலுவலகம் பேங்க் நெகாரா ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. பெற்றோருக்கு வயதாகிறது, மகளுக்கு அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு, வாடகைப் பணம் யாருக்கோ போகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்களை ஊர்ப்பக்கம் பார்க்க வைத்தன.

பேரங்காடி ஒன்றில் போட்டிருந்த விற்பனை மேசையில் அந்தத் திட்டத்தைப் பார்த்தோம். பழைய செம்பனை நிலத்தில் கட்டப்படவிருந்த இரண்டு மாடி வரிசை வீடு, விலை 4 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி. மேசையில் இருந்த பெண் தமிழில் அன்பாகப் பேசினார். பெரிய வரைபடம் ஒன்றில் தாமானிலிருந்து ரயில் நிலையம்வரை நேராக ஒரு கோடு போட்டு, அதன்மேல் '10 நிமிடம்' என்று அச்சிட்டிருந்தார்கள். "அண்ணா, மாசம் 50 வெள்ளி பாஸ் எடுத்தா போதும், தினமும் கே.எல். போய் வரலாம்" என்றார். தாமானுக்குள் பச்சை நிறத்தில் காட்டியிருந்த ஒரு துண்டைத் தொட்டு, "இங்கதான் ஸ்கூல்" என்றார். அன்று மாலைக்குள் பதிவு செய்தால்தான் தள்ளுபடி என்றதால், புக்கிங் பணமாக 3,000 வெள்ளியைக் கொடுத்துப் படிவத்தில் கையெழுத்திட்டேன். வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலும், வேண்டாமென்று முடிவு செய்தாலும் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று அவர் வாயால் சொன்னார். படிவத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ரசீதும் வீடுகளைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளரின் பெயரில் இல்லை. ஏதோ ஒரு விற்பனை முகவர் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. இதை நான் கவனித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

மறுநாள் அந்த விளம்பரத் தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தவர், "இது ரோடு இல்லய்யா, பதினாலாம் நம்பர் காட்டு வழி" என்றார். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களும் போவதற்காகத் தோட்ட நிர்வாகம் போட்டுக்கொண்ட செம்மண் பாதை அது. தோட்டத்தின் சொந்த நிலத்தில் ஓடுகிறது. இரு முனையிலும் கேட்டு உண்டு. சாயங்காலம் ஆனால் ஜாகா (காவலாளி) பூட்டிவிடுவார். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கூடச் சறுக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடியற்காலையில், தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலிருந்து அந்த வழியாக நடந்து வேலைக்குப் போன மனிதர் சொல்லும்போது எனக்கு மறுத்துப் பேச வழியில்லை. ஆனாலும் மேம்பாட்டாளர் அதை வாங்கித் தார்ச்சாலை ஆக்கப் போகிறாரோ என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் பெண்ணை அழைத்துக் கேட்டேன். "எதிர்காலத்துல வரும் அண்ணா" என்றார். எந்த ஆண்டு, யாருடைய ஒப்புதலில் என்பதற்குப் பதில் இல்லை.

பிறகு நான் செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பெற்றோர் வீட்டில் தங்கி, திங்கட்கிழமை காலை 5.40 மணிக்கு அந்தத் திட்டத்தின் நுழைவாயிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். பொதுச்சாலையைச் சுற்றிக்கொண்டு போனால் நிலையம் 13 கிலோமீட்டர். பட்டணத்துக்குள் நுழையும் இடத்தில் நெரிசலையும் சேர்த்து 25 நிமிடம் ஆனது. வண்டியை நிறுத்த இடம் தேடி, ரயிலுக்குக் காத்திருந்து ஏறினால், செரெண்டா, ரவாங், குவாங், சுங்கை பூலோ என்று ஒவ்வொரு நிலையமாக நின்று பேங்க் நெகாரா போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையவில்லை. அலுவலக மேசையில் உட்கார்ந்தபோது மணி 7.45. செவ்வாய்க்கிழமை ஒரு ரயிலைத் தவறவிட்டேன். அடுத்தது வர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. போக வர நான்கு மணி நேரம் என்றால், 22 வேலை நாட்களில் 88 மணி நேரம். மகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த 50 வெள்ளி பாஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் கே.எல். பேருந்துகள் ஆகியவற்றில் செல்லுபடியாகும் அந்த மாதச்சீட்டு கம்யூட்டர் ரயிலில் செல்லாது. கம்யூட்டருக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். பள்ளி என்று காட்டிய பச்சைத் துண்டும் பள்ளிக்காக ஒதுக்கப்பட்ட நிலம் மட்டுமே. நிலம் ஒதுக்குவதும் அங்கே பள்ளி எழும்புவதும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் போகலாம்.

வேண்டாம் என்று முடிவு செய்து பணத்தைக் கேட்டபோதுதான் அவர்களுடைய உண்மையான முகம் தெரிந்தது. முதலில் 14 நாட்கள் என்றார்கள். பிறகு 'நிர்வாகச் செலவு' கழிக்கப்படும் என்றார்கள். முகவர் மேம்பாட்டாளரைக் கேட்கச் சொன்னார். மேம்பாட்டாளர் அலுவலகமோ, அந்த ரசீது தங்களுடையது அல்ல என்றது. இரண்டு மாதம் இப்படியே அலைந்தேன். கடைசியில் தோட்டத்துத் தோழர் ஒருவரின் மகள், வழக்கறிஞராக இருப்பவர், 1989ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு (கட்டுப்பாடு மற்றும் உரிமம்) விதிமுறைகளை எடுத்துக் காட்டினார். வாங்கல் விற்றல் ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ளபடி அல்லாமல், எந்தப் பெயரிலும் எவரும் பணம் வசூலிக்கக் கூடாது என்று 11ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. புக்கிங், முன்பதிவு, ஆர்வக் கட்டணம் என்று என்ன பெயர் வைத்தாலும், முகவரோ வேறு எவரோ வாங்கினாலும் அது பொருந்தும். திட்டத்திலிருந்து பிரபலமான இடங்களுக்குப் போகும் பயண நேரத்தை விளம்பரத்தில் போடவும் அதே விதிமுறைகள் தடை செய்கின்றன. அந்த வரைபடத்தில் அச்சிட்டிருந்த '10 நிமிடம்' என்ற எழுத்தே சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, ரசீதின் நகலையும் விளம்பரத் தாளின் படத்தையும் இணைத்து, மேம்பாட்டாளருக்கும் முகவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். அதன் நகலை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சுக்கும் புகாராகக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் 2,000 வெள்ளி என் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இந்த அலைச்சலில் கற்றுக்கொண்டவற்றில் வீடு வாங்குவோருக்குப் பயன்படக்கூடிய சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரின் விளம்பரத்தில் மேம்பாட்டாளர் உரிம எண்ணும் விளம்பர அனுமதி எண்ணும் இருக்க வேண்டும். அமைச்சின் 'தெடுஹ்' இணையத்தளத்தில் திட்டத்தின் நிலையைச் சரிபார்க்கலாம். நிலத்தோடு கூடிய வீடு என்றால், ஒப்பந்தத் தேதியிலிருந்து 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் 36 மாதங்கள். தாமதமானால் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற விகிதத்தில் நாள் கணக்கில் இழப்பீடு கேட்கலாம். மேம்பாட்டாளர் புக்கிங் பணத்தை முன்னதாகவே வாங்கியிருந்தால், இழப்பீட்டைக் கணக்கிடும்போது, வீட்டை ஒப்படைக்க வேண்டிய காலம் அந்தப் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணப்படும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால் ரசீதை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் சாலை, பள்ளி, நிலையம் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், உங்கள் கையில் எதுவும் இல்லை. வங்கிக் கடன் மட்டும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இருக்கும்.

பத்தாங்காலியில் வீடே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள பழைய தாமான்களில் விற்பனைக்கு வரும் வீடுகளை நானும் மனைவியும் இப்போது பார்த்து வருகிறோம். இம்முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். மீதி 1,000 வெள்ளிக்கான இரண்டாவது கடிதத்தைச் சென்ற வாரம் அனுப்பினேன். இதே போன்ற மேசையில் பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.