புயலில் கூரை சேதமானால் க்ளெய்மை யார் கையில் விடுவது?

புயல் ஓய்ந்த மறுநாளே, சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கு முந்தியே கூரை கான்ட்ராக்டர் வாசலில் வந்து நிற்பார். "ஒரு கையெழுத்துப் போடுங்க, க்ளெய்மை நாங்க பாத்துக்கறோம்" என்பார். ஒழுகும் வீட்டில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கான்ட்ராக்டரின் பலம் அவருடைய கண். ஓட்டுக்கு அடியிலுள்ள விரிப்பு கிழிந்திருப்பது, சுவரும் கூரையும் சேருமிடத்தில் தகடு நெளிந்திருப்பது எல்லாம் சர்வேயர் தவறவிடக்கூடியவை. ஆனால் கான்ட்ராக்டர் நீட்டும் தாள் வெறும் வேலை ஒப்பந்தமா, க்ளெய்ம் பணத்தைப் பெறும் உரிமையையே எழுதிக்கொடுப்பதா என்று பார்க்க வேண்டும். உரிமை போய்விட்டால், தொகை குறைந்தாலும் வேலை மோசமானாலும் பேசுவதற்கு நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. இன்னொன்று: பாலிசிப்படி நாம் போட வேண்டிய பங்கை, அதாவது டிடக்டிபிளை, தானே ஏற்றுக்கொள்வதாகச் சொல்பவரிடம் போகாதீர்கள். அந்தப் பணத்தை எஸ்டிமேட்டை ஊதித்தான் எடுப்பார்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம்.

நாமே பார்த்தால் அலைச்சல் உண்டு, பணம் மிச்சம். எல்லாம் ஆதாரத்தில்தான் இருக்கிறது. உடைந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புயலில் உடைந்ததென்றால் உடைந்த விளிம்பு புது நிறத்தில் சுத்தமாக இருக்கும். பழைய உடைசலில் பாசியும் அழுக்கும் ஏறியிருக்கும். "இது பராமரிப்பில்லாத பழைய சேதம்" என்று க்ளெய்மைத் தள்ள வாய்ப்புள்ள இடமே இதுதான். அதனால் அந்த விளிம்பைக் கிட்டத்தில் ஒரு படம், கூரையில் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது பொதுவாகவே பாலிசிதாரரின் கடமை. தார்ப்பாய் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், பெரும்பாலும் க்ளெய்மில் சேர்க்கலாம். சர்வேயர் பார்க்கும்வரை நிரந்தர வேலையைத் தொடாதீர்கள், உடைந்த துண்டுகளையும் எறியாதீர்கள்.

மூன்றாவது வழி, கட்டணம் வாங்கிக்கொண்டு நமக்காக வாதாடும் க்ளெய்ம் ஆலோசகர். கிடைக்கும் தொகையில் ஒரு சதவீதம் அவருக்குப் போகும். மேல்தளத்துக்குள் தண்ணீர் இறங்கி மின்வயர், உள்கூரை எல்லாம் கெட்டிருந்தாலோ, க்ளெய்மை மறுத்துவிட்டாலோ அவர் தேவைதான். ஆனால் முதல் காசோலை சிறியதாக இருக்கிறதே என்று பதறி அவரிடம் ஓடாதீர்கள். 20 ஆண்டு ஆயுள் கணக்கிட்ட கூரைக்கு 10 வயதென்றால், தேய்மானமாகப் பாதியைக் கழித்துத்தான் முதலில் தருவார்கள். புதிதாகப் போடும் செலவைத் தரும் பாலிசியாக இருந்தால், வேலையை முடித்து, கெடுவுக்குள் பில்லைக் கொடுத்ததும் மீதியும் வரும். தானாக வரவிருந்த பணத்தில் ஒரு பங்கை எதற்குக் கொடுக்க வேண்டும்? தேய்மானம் போக மட்டுமே தரும் பாலிசி என்றால் அந்த மீதி கிடையாது. ஆகவே இந்த இரண்டில் எது என்று சொல்லும் வரியைத்தான் பாலிசியில் முதலில் படிக்க வேண்டும்.

க்ளெய்மே போடாமல் விடுவதும் ஒரு வழி. காற்றுச் சேதத்துக்கான டிடக்டிபிளைச் சில பாலிசிகள் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் என்பதுபோல வைத்திருக்கும். நான்கைந்து ஓடு மாற்றும் செலவு அதைத் தொடவே தொடாது. க்ளெய்ம் போட்ட பதிவு மட்டும் மிஞ்சும்.

நான் தேர்ந்தெடுப்பது: க்ளெய்ம் என் பெயரில், என் கையில். கான்ட்ராக்டரை சர்வேயர் வரும் நாளில் கூப்பிட்டு, இருவரையும் ஒன்றாக ஏணியில் ஏற்றுவேன். ஒருவர் பார்க்காததை மற்றவர் காட்டட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து, சர்வேயர் அறிக்கையையும் கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப்பார்த்த பிறகுதான்.