165 வாட் கறுப்புப் பெட்டி லைட்: இரண்டு வருடப் பாவனையில் முருகைக்குச் சரியான வெளிச்சம்

முருகை வளர்க்கும் 60×45×45 செ.மீ. கடல்நீர்த் தொட்டிக்கு இந்த எல்ஈடி லைட் போதும், மிஞ்சவும் செய்யும். 165 வாட் என்பது 55 குமிழ், ஒவ்வொன்றும் 3 வாட் என்ற பெட்டிக் கணக்கு. பிளக்கில் வாட் மீட்டரைப் போட்டுப் பார்த்தால், நீல, வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகையும் முழுதாகத் திறந்தாலும் 110, 120 வாட்தான் இழுக்கும். கிழக்கிலங்கையில் கல்லடி, கல்முனைப் பக்கத்து வீட்டுத் தொட்டிகளில் வளர்கிற, கல்லெலும்பு இல்லாத மென்முருகைக்கு அதில் பாதியே தாராளம். வெளிச்சம் காணாமல் முருகை மெதுவாகத்தான் வாடும், திருத்த நேரம் கிடைக்கும். கூடிப்போனால் சில நாளிலேயே வெளிறிவிடும்.

வெளிச்சத்தை அளக்க வேண்டியது பார் என்ற அளவில். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. காளான் முருகை, சோயாந்திட், தோல் முருகை போன்ற மென்முருகைக்கு 50 முதல் 100. சுத்தியல் முருகை போன்ற பெரிய வாய்க் கல்முருகைக்கு 80 முதல் 150. கிளை விடும் கல்முருகையான அக்ரோபோராவுக்கு 250 அளவில் வேண்டும். ஆனால் இங்கத்தை வெக்கையில் அது முதல் தொட்டிக்கு உரிய சாமான் இல்லை.

போனில் உள்ள லக்ஸ் ஆப்பை நம்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, 555 நானோமீற்றர்ப் பச்சையைச் சுற்றித்தான் அதற்குக் கூர்மை. முருகையின் சதைக்குள் வாழும் நுண்பாசி கூடுதலாகப் பிடிப்பது 400 முதல் 480 வரையான ஊதாவையும் நீலத்தையும். நீலம் மட்டும் எரியும்போது ஆப் சின்ன எண்ணைக் காட்டும், காணாது என்று ஆள் திருகைக் கூட்டுவார். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பார் மீட்டர் எடுத்து வீடு வீடாகச் சுற்றவிடலாம். அப்போஜி எம்கியூ-510 தண்ணீருக்குள் வைக்கவே செய்த மீட்டர். பழைய எம்கியூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். 90 பாகை லென்ஸ் போட்ட பெட்டியில் நடுவுக்கும் மூலைக்கும் இடையே அளவு பாதிக்கு மேல் விழும், அந்த மூலைதான் காளான் முருகைக்கு வசதியான இடம்.

லைட்டைத் தண்ணீரிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நீலம் 30 வீதம், வெள்ளை 5 வீதத்தில் தொடங்குங்கள். கிழமைக்கு 5 வீதம் நீலத்தை மட்டும் கூட்டினால் போதும். வெள்ளை 15-ஐத் தாண்டினால் கண்ணாடியிலும் கல்லிலும் பாசி முந்திக்கொள்ளும். புது முருகையை முதல் இரண்டு கிழமை அடி மணலிலேயே வையுங்கள்.

நேரமும் அளவும் சேர்ந்தே வேலை செய்யும். 120 பாரில் 10 மணி நேரம் கிடைப்பதும் 200 பாரில் 6 மணி நேரம் கிடைப்பதும் ஒரே தொகை, இரண்டும் சதுர மீற்றருக்கு நாளுக்கு 4.3 மோல். தொகை ஒன்றென்றாலும் சுத்தியல் முருகைக்கு முதலாவதே நல்லது. உச்ச வெளிச்சம் குறைவாக இருந்தால் சதை எரியாது.

வெக்கைதான் இந்த ஊரில் கணக்கை மாற்றுகிறது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் தொட்டித் தண்ணீர் 29 பாகையைச் சும்மா தொடும். சூட்டில் நுண்பாசி தன் ஒளிச்சேர்க்கைப் பொறியைப் பழுதுபார்க்க முடியாமல் திணறும். அந்த நேரத்தில் விழும் வெளிச்சம் உள்ளே நச்சு ஒட்சிசனாக மாற, முருகை பாசியையே வெளியே தள்ளிவிடும். குளிர்ந்த தண்ணீரில் தாங்கிய அதே 120 பார், இப்போது நஞ்சாகிறது. 29 பாகை என்றால் வெளிச்சத்தை 20 வீதம் குறையுங்கள். 30 தாண்டினால் வெள்ளையை அணைத்து நீலத்தை 5 மணி நேரத்துக்குச் சுருக்குங்கள். தண்ணீர்ப் பரப்பில் ஊதும் சின்ன ஃபேன் 2 பாகை வரை இறக்கும். கச்சான் வறண்ட காற்று என்பதால் அப்போது நன்றாக வேலை செய்யும், மாரி ஈரத்தில் அவ்வளவு இல்லை. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, ஆர்ஓ வடியில் உப்பு நீக்கிய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எண்ணைவிட முருகையே தெளிவாகச் சொல்லும். சோயாந்திட் கழுத்தை நீட்டி மேலே எட்டினால் வெளிச்சம் காணாது. காளான் முருகையின் விளிம்பு தோசை ஓரம் போல மேலே சுருண்டு, தட்டு சின்னதாகிப் போனால் கூடிவிட்டது. வெளிறலில் ஒரு நுணுக்கம் உண்டு: மேற்பக்கம் மட்டும் வெளுத்து, நிழலில் இருக்கும் அடிப்பக்கம் நிறத்தோடு இருந்தால் குற்றவாளி லைட். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெளுத்தால் வெப்பமானியைப் பாருங்கள், பிறகு நைத்திரேற்றைச் சோதியுங்கள். அது பூச்சியமாக இருந்தாலும் முருகை வெளிறும், அப்போது லைட்டைக் குறைத்து ஒரு பலனும் இல்லை. கபிலமாகிப் போவது குறைந்த வெளிச்சத்தாலோ கூடிய சத்தாலோ வரும்.

நாட்பட்ட பாவனையில் தெரியவரும் குறைகளில் பெரியது உப்பு. தெறிக்கும் துளி லென்ஸில் காய்ந்து வெள்ளைப் படலமாகி, கண்ணுக்குத் தெரியாமலே வெளிச்சத்தை உறிஞ்சும். ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் கிழமைக்கு ஒருக்காத் துடையுங்கள். மாதக்கணக்கில் விட்டு ஒரே நாளில் துடைத்தால் பார் திடீரென ஏறும், அன்றைக்குத் திருகையும் 10 வீதம் இறக்க வேண்டும். கடற்கரை வீடுகளில் உள்ளே இருக்கும் ஃபேன்கள் துருப்பிடித்து முனகத் தொடங்கும். முனகல் கேட்டவுடனே மாற்றுங்கள். ஃபேன் நின்றால் சூடேறி முதலில் குமிழுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர், பிறகு குமிழ் வரிசை போகும்.

கரண்ட் போனால் லைட்டைப் பற்றிப் பதறாதீர்கள். ஒரு நாள் இருட்டை முருகை தாங்கும், நீரோட்டம் நின்றால்தான் ஆபத்து. இன்வேர்ட்டரில் முதலில் பம்பைக் கொடுங்கள். சுழல் டைமர் கரண்ட் போன நேரமளவு பிந்திவிடும், பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

பாசிக்குடாவிலோ காயன்கேணியிலோ உயிர் முருகையை உடைத்து வந்து தொட்டியில் போடுவது சட்டப்படி குற்றம். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டையே கேட்டு வாங்குங்கள். எந்த லைட்டின் கீழ், எத்தனை வீதத்தில் வளர்ந்தது என்று கொடுப்பவரிடம் அப்போதே கேட்டுக் குறித்து வைத்தால், உங்கள் தொட்டியில் அதை எந்த ஆழத்தில் தொடங்குவது என்பது பாதி முடிவாகிவிடும்.